வேல்ஸ் மக்களின் மரபுவழி உணவு: சந்தைக்குச் சென்றதும் வீட்டில் எஞ்சியதும்

ஓர் இனத்தின் ‘தேசிய உணவு’ பற்றிப் பேசுவோர், அவ்வினத்துள் எவ்வர்க்கத்தினர் அதனை உண்டனர் என்பதை அரிதாகவே வினவுகின்றனர். வேல்ஸ் நாட்டின் ‘கவ்ல்’ இதற்குத் தக்க சான்று. இன்று சுற்றுலாப் பயணிகளுக்குத் தேசியச் சின்னமாகப் பரிமாறப்படும் இது, உப்பிட்ட பன்றியிறைச்சி அல்லது ஆட்டிறைச்சியோடு உருளைக்கிழங்கையும் லீக்ஸையும் ஒரே கலத்திலிட்டுக் காய்ச்சிய சாறாகும். திறந்த அடுப்பும் ஒற்றைக் கலமுமே இருந்த குடியானவர் வீட்டில் வேறு வகைச் சமையலுக்கு வாய்ப்புக் குறைவு. முதலிற் சாறு, பின்னர் இறைச்சியும் கிழங்கும்; எஞ்சியது மறுநாள் சுடவைக்கப்பட்டது.

மலைப்புறத்தின் ஈரமும் குளிரும் கோதுமைக்கு ஒவ்வாதன. ஓட்ஸே அங்கு விளைந்தது. அதன் மாவை நீரிற் புளிக்கவைத்து, வடித்து, கூழாகக் காய்ச்சினால் ‘லம்ரி’. கால்நடைகள் இங்கிலாந்துச் சந்தைகளுக்கு ஓட்டிச்செல்லப்பட்டன. வெண்ணெயும் விற்கப்பட்டு நிலவாடகையாயிற்று. மோர் வீட்டில் தங்கியது. கடைந்த கைகளுக்கு எஞ்சியதையே நாம் இன்று மரபு என்கிறோம்.

இவற்றை அறிவதற்கு முதிய பெண்களின் வாய்மொழியே முதன்மைச் சான்று. சென் ஃபேகன்ஸ் நாட்டார் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மின்வெல் திபற் அதனைச் சேகரித்து, 1976இல் நூலொன்றும் வெளியிட்டார். இலக்கிய வரலாற்றாளராகிய நாம் பொருட்படுத்தாது விட்ட அறிவு அது.

தென்கரையிலும் பெண்களின் உழைப்பே முன்னிற்கின்றது. பென்க்ளோத் ஊர்ப் பெண்கள் வற்றுக்கடலில் மட்டி பொறுக்கிக் கழுதைகளில் ஏற்றிச் சென்றனர். சுவான்சிச் சந்தையில் விற்றனர். ‘லேவர்’ எனும் கடற்பாசி பல மணிநேரம் அவிக்கப்பட்டுக் கரிய களியாகும். ஓட்ஸ் மாவிற் புரட்டிப் பன்றிக் கொழுப்பிற் பொரித்த அது, சுரங்கத் தொழிலாளியின் காலையுணவு. பெயரில் மட்டுமே அது பாண்.

நிலக்கரிப் பள்ளத்தாக்குகளுக்குக் குடிபெயர்ந்த உழவன் கூலியாளானதும் உணவும் கடைச்சரக்காயிற்று. உப்புச் சுவைமிக்க கேர்ஃபிலிப் பாற்கட்டி சுரங்கத்துக்குட் சென்றது. குடிவகையும் தப்பவில்லை: லனெத்லிப் பகுதியின் தகரத் தகட்டுத் தொழில் நலிவுற்றிருந்த 1935இல், பிரித்தானியாவில் முதன்முதலாகப் பியர் தகரப் பேணியில் அடைக்கப்பட்டது அருகிலுள்ள வெலின்வோய்ல் வடிசாலையிலேயே.

வறியோர் வீட்டில் பாணைப் பிய்த்துச் சூடான தேநீரில் ஊறவைத்து, சிறிது வெண்ணெயிட்டு உண்டனர். ‘ஷெங்கின்’ என்பது அதன் பெயர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பிரித்தானியச் சந்தையை அடைந்த தேயிலையிற் கணிசமான பங்கு, நமது மலையகத் தொழிலாளர் கொய்தது.