இதயம் துடித்தது, மூளை விழித்ததா?

நின்றுபோன இதயத்தை எழுப்ப அட்ரினலின் ஊசி போடுவது பல்லாண்டு கால வழக்கம். அது உண்மையில் உயிரைக் காக்கிறதா? இதை அறிய 2014 முதல் 2017 வரை பிரிட்டனின் ஆம்புலன்ஸ்களில் துணிச்சலான ஓர் ஆய்வு நடந்தது. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்ற 8,014 பேரில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு அட்ரினலின், மற்றவர்களுக்கு வெறும் உப்புநீர். எந்த ஊசியில் எது என்று போட்டவருக்கே தெரியாது.

அட்ரினலின் பெற்றவர்களில் 36.3 சதவீதத்தினருக்கு இதயம் மீண்டும் துடித்தது. உப்புநீர் பெற்றவர்களில் 11.7 சதவீதம்தான். ஆனால் 30 நாள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 3.2 சதவீதம், 2.4 சதவீதம். அவ்வளவே வித்தியாசம். அதைவிட வேதனை, பிழைத்து வீடு திரும்பியவர்களில் கடும் மூளைப் பாதிப்பு அட்ரினலின் குழுவில்தான் அதிகம்: 31 சதவீதம். மற்றதில் 17.8.

ஏன் இப்படி?

அட்ரினலின் உடலெங்கும் ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. பெருந்தமனியில் அழுத்தம் கூடி இதயத்தசைக்கு ரத்தம் பாய்கிறது. அதே சுருக்கம் மூளையின் நுண்குழாய்களில் ஓட்டத்தைக் குறைப்பதை விலங்காய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆக்ஸிஜன் பஞ்சத்தை இதயம் தாங்கும் அளவுக்கு மூளை தாங்காது.

ஆய்வாளர்கள் கணக்குப்படி, கூடுதலாக ஓர் உயிரைக் காக்க 112 பேருக்கு அட்ரினலின் தர வேண்டும். அருகில் இருப்பவர் நெஞ்சை அழுத்தினால் 15 பேருக்கு ஓர் உயிர். எனவே யாரேனும் சுருண்டு விழுந்து மூச்சின்றிக் கிடந்தால், ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு உடனே மார்பின் நடுவில் அழுத்தத் தொடங்குங்கள்.