யார் குட்டி, எந்த மடி?

கரும்பு வெட்டு கடைசிப் பாத்திக்கு வந்துவிட்டது. சோகையை விலக்கிக் கத்தியை ஓங்கியவர் அப்படியே நின்றுவிடுகிறார். காய்ந்த சோகை மெத்தையில் மூன்று குட்டிகள். கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. பூனைக்குட்டி போலத்தான் இருக்கின்றன. ஆனால் வீட்டுப் பூனை இல்லை.

“பாவம், தாய் விட்டுட்டுப் போயிடுச்சுப்பா” என்கிறார் ஒருவர். “எங்க வூட்டுப் பூனை இப்பதாண்ணே குட்டி போட்டிருக்கு. அதுங்கிட்ட விட்டா பால் குடுத்துடும்” என்கிறார் இன்னொருவர்.

கோமுகி அணைக்குக் கீழே கச்சிராயபாளையம் போன்ற ஆலைக்கரும்பு விளையும் ஊர்களில் வெட்டுக் காலத்தில் இப்படி நடக்கலாம். எலியும் தண்ணீரும் மறைவும் ஒரே இடத்தில் கிடைப்பதால், காட்டுப்பூனைக்குக் கரும்புத் தோட்டம் நல்ல பேறுகால வீடு. அங்கே பேசிய இருவரில் முதலாமவர் சொன்னது பெரும்பாலும் தவறு. இரண்டாமவர் சொன்னதில் விஞ்ஞானம் இருக்கிறது. பூனை அடுத்தவள் பிள்ளைக்குப் பால் கொடுக்கும். ஆனால் அதே ஊரின் வெள்ளாடு கொடுக்காது. ஏன்?

மலை ஆட்டின் ஐந்து நிமிடம்

கல்வராயன் மலையில், வெள்ளிமலையைச் சுற்றியுள்ள மலையாளி மக்களின் ஊர்களில் ஆடு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். ஆடு இரண்டு குட்டி போடும். ஒன்றை நக்கி மடிக்கு விடும். இன்னொன்று அருகே வந்தால் முட்டித் தள்ளும். ஈன்ற ஆடு செத்துப்போனால் அதன் குட்டியை வேறொரு ஆட்டிடம் விட்டுப் பார்ப்பார்கள். அது வாலடியை ஒருமுறை மோந்து பார்க்கும். அவ்வளவுதான், அடுத்த நொடி கொம்பு இறங்கும்.

இது கல்நெஞ்சம் இல்லை, கணக்கு. ஆடு மந்தையில் வாழும் பிராணி. அதன் குட்டி பிறந்த சில நிமிடங்களிலேயே எழுந்து நடக்கும். பத்து ஆடுகளுக்கு நடுவே இருபது குட்டிகள் ஓடினால், தன் பால் தன் குட்டிக்குத்தான் போகிறதா என்று தாய் பார்த்துக்கொண்டாக வேண்டும். அதனால் ஆட்டுக்கு ஒவ்வொரு குட்டியையும் தனித்தனியாக அடையாளம் காணும் மூக்கு அமைந்திருக்கிறது.

1960களில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கிளாப்ஃபரும் அவருடைய குழுவும் இதைச் சோதித்தார்கள். ஈன்றவுடன் ஐந்தே நிமிடம் குட்டியோடு இருக்கவிட்டு, பிறகு குட்டியைப் பிரித்தார்கள். சில மணி நேரம் கழித்துத் திரும்பக் கொண்டுவந்தபோது தாய் அதை ஏற்றுக்கொண்டது. அந்த ஐந்து நிமிடம் கிடைக்காத தாய்களோ, ஒரு மணி நேரம் கழித்து வந்த சொந்தக் குட்டியையே பெரும்பாலும் விரட்டின. பெற்றவள் என்பதால் மட்டும் உறவு வந்துவிடுவதில்லை. முதல் நக்கலில்தான் அது முடிச்சுப் போடப்படுகிறது.

அந்த முடிச்சை அவிழ்த்துப் பார்த்தவர்கள் செம்மறியை ஆராய்ந்தவர்கள். 1983இல் கெவர்ன் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வின்படி, குட்டி வெளியே வரும்போது பிறப்புப் பாதை விரிவதே மூளைக்குப் போகும் முதல் தகவல். அந்த விரிவைச் செயற்கையாக உண்டாக்கியபோது, ஏற்கெனவே தன் குட்டியோடு பழகிவிட்ட செம்மறிகூட அந்நியக் குட்டியை ஏற்றுக்கொண்டது. விரிவு ஏற்பட்டதும் மூளையில் ஆக்ஸிடோசின் சுரக்கிறது. மணத்தைப் பதிவு செய்யும் பகுதி சிறிது நேரம் திறந்து கிடக்கிறது. அந்த நேரத்தில் எந்த மணம் உள்ளே போகிறதோ அது ‘என் பிள்ளை’. சில மணி நேரத்தில் கதவு சாத்திக்கொள்ளும்.

கதவு சாத்துமுன் நுழைவது

தாயில்லாக் குட்டியை இன்னொரு ஆட்டிடம் சேர்க்கும் எல்லா உத்தியும் இந்தக் கதவைச் சுற்றியே இருக்கிறது. வேறொரு ஆடு ஈனும் நேரமாகப் பார்த்து, அதன் பனிக்குட நீரை அநாதைக் குட்டியின் மேல், குறிப்பாகத் தலையிலும் வாலடியிலும் நன்றாகத் தடவி, அதன் முகத்தருகே விடுவது முதல் வழி. மற்ற நாட்களில் ஆடு கிட்ட நெருங்காத அந்த நீரின் வாசனை, ஈன்ற நேரத்தில் மட்டும் அதை இழுக்கும். அது நக்கத் தொடங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தருணம் தப்பிவிட்டால் ஆட்டைக் கட்டிப்போட்டுக் குட்டியைக் குடிக்கவிட வேண்டும். ஒரு நாளைக்கு நாலைந்து முறை, சில நாட்கள் விடாமல். அந்த ஆட்டின் பாலையே குடித்துவரும் குட்டியின் மேல் அந்த ஆட்டின் மணம் மெல்ல ஏறுகிறது. ஒரு நாள் அது முட்டாமல் மோந்து பார்க்கும். அன்றைக்குக் கயிற்றை அவிழ்க்கலாம்.

இதே விஞ்ஞானத்தை நம் மாட்டுக்காரர்கள் வெகுகாலமாக வேறு வடிவில் செய்துவந்தார்கள். கன்று செத்துப்போன பசு பால் இறக்காது. கன்றின் தோலை உரித்து, உள்ளே வைக்கோலைத் திணித்துத் தைத்து, பசுவின் முன்னால் நிறுத்துவார்கள். கண்ணுக்கு அது கன்றே இல்லை; கால் நாலும் குச்சி. ஆனால் பசு அந்தத் தோலை நக்கும், மடி சுரக்கும். மேலை நாட்டு ஆட்டிடையர்கள் செத்த குட்டியின் தோலை அநாதைக் குட்டிக்குச் சட்டை போல மாட்டிவிடுவதும் இதுவேதான். ஒன்றில் பொய்க் கன்றுக்கு மெய்த்தோல். இன்னொன்றில் மெய்க் குட்டிக்கு இரவல் தோல். இரண்டிலும் ஏமாறுவது மூக்கு.

வளர்ப்புத் தாய் கிடைக்கிறதோ இல்லையோ, ஆட்டுக்குட்டிக்கு ஒன்று தவறக் கூடாது: சீம்பால். ஆடு, மாடு வகைகளில் தாயின் நோய் எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்குப் போவதில்லை. குட்டி வெறும் கையோடுதான் பிறக்கிறது. சீம்பாலில் இருக்கும் எதிர்ப்புப் பொருளைக் குடல் அப்படியே உறிஞ்சுவது ஏறத்தாழ முதல் 24 மணி நேரம்தான். அதிலும் முதல் சில மணி நேரமே சிறந்தது. இரண்டு கிலோ எடையுள்ள குட்டிக்கு முதல் நாளில் 200 மில்லி அளவு தேவை. அதைப் பல வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் பால் விட வேண்டும் என்று காத்திருப்பது குட்டியின் ஆயுளில் கை வைப்பது.

கூட்டை அறிந்தவள்

இப்போது பூனைக்கு வருவோம். பூனைக்குட்டி கண் மூடிப் பிறக்கிறது; நடக்காது, ஓடாது. போட்ட இடத்தில் கிடக்கும். ஆகவே தாய்ப்பூனை ‘எது என் குட்டி’ என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்கத் தேவையில்லை. ‘என் கூட்டில் இருப்பது என் குட்டி’ என்பதே போதும். கூட்டில் ஒன்று கூடினாலும் மடியில் இடம் இருந்தால் அதையும் நக்கி அணைத்துக்கொள்ளும். ஆடு குட்டியை அறிந்தவள். பூனை கூட்டை அறிந்தவள்.

அடைக்கோழியும் இந்தக் கட்சிதான். அதன் அடியில் வாத்து முட்டையை வைத்தாலும் குஞ்சு பொரிக்கும். வேறு குஞ்சுகளைச் சேர்க்க வேண்டுமானால் இருட்டிய பிறகு சத்தமில்லாமல் அடியில் தள்ளிவிடுவார்கள். காலையில் கோழி எண்ணிப் பார்ப்பதில்லை. வாத்துக் குஞ்சு குட்டையில் இறங்கும்போது கரையில் நின்று அது பதறுவதைப் பார்த்தவர்களுக்கு, அந்தத் தாய்மையில் பொய்யே இல்லை என்பது தெரியும்.

வளர்ப்புத் தாய்க்குப் பேர்போன இன்னொரு பிராணி ஃபெரெட். நம் ஊரில் கிடையாது. ஐரோப்பாவில் முயல் வேட்டைக்காக இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பழக்கப்பட்ட, கீரி போல நீண்டு மெலிந்த விலங்கு. பார்க்கக் கீரி போல இருந்தாலும் உறவில் அது நம் நீர்நாயின் குடும்பம். கீரியோ பூனைக்குக் கிட்டத்துச் சொந்தம். மரநாயும் அப்படியே; பெயரில்தான் நாய்.

ஃபெரெட் 42 நாள் சினை. பிறக்கும் குட்டி பத்து கிராம் அளவுதான் இருக்கும். கண் திறக்க ஒரு மாதம் ஆகும். அவ்வளவு சிறிய உயிருக்கு மனிதர் கையால் புட்டிப்பால் கொடுத்துப் பிழைக்க வைப்பது முதல் வாரங்களில் மிக மிகக் கடினம். அதனால் அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் இரண்டு பெட்டைகளை ஒரே சமயத்தில் சினைப்படுத்துவார்கள். ஒன்றுக்குப் பால் வற்றினாலோ மடிநோய் வந்தாலோ மற்றொன்று காப்பாற்றும். வயிற்றில் ஒரே ஒரு குட்டி இருந்தால் பேறுவலியே வராமல் போய், அறுவை செய்து எடுக்க நேரும். அந்த ஒற்றைக் குட்டி குடிக்கும் குடிக்குப் பாலும் தொடர்ந்து சுரக்காது. அதற்கும் வேறு மடிதான் கதி. வந்த குட்டியைச் சொந்தக் குட்டிகளோடு கலந்து, கூட்டின் வாசனை படியவிட்டால் பெட்டை பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் அடிக்கடி எட்டிப் பார்த்துக் கூட்டைக் கலைத்தால், மிரண்டு தன் குட்டிகளையே கொன்றுவிடவும் கூடும்.

இரவல் தாயாகும் இந்தக் குணம் ஓர் இனத்தின் பிழைப்புக்கே உதவியிருக்கிறது. அமெரிக்காவின் கருங்கால் ஃபெரெட் அழிந்துவிட்டது என்று நினைத்திருந்தபோது, 1981இல் வயோமிங் மாநிலத்தில் ஒரு பண்ணை நாய் ஒன்றைக் கவ்விவந்து வாசலில் போட்டது. மிஞ்சியிருந்தவற்றில் 18 பிடிக்கப்பட்டன. அவற்றில் ஏழின் வம்சம்தான் இன்றைக்கு இருப்பவற்றில் ஏறத்தாழ எல்லாம். 1988இல் இறந்த வில்லா என்ற பெட்டையின் செல்கள் உறைநிலையில் வைக்கப்பட்டிருந்தன. அவற்றிலிருந்து குளோனிங் முறையில் 2020 டிசம்பர் 10 அன்று எலிசபெத் ஆன் பிறந்தாள். சுமந்து பெற்றது ஒரு சாதாரண வீட்டு ஃபெரெட். வில்லாவின் மற்றொரு குளோனான அன்டோனியா 2024இல் குட்டியும் ஈன்றது. இரவல் வயிற்றில் தொடங்கிய வம்சம் இப்போது தன் மடியில் தொடர்கிறது.

அப்படியானால் வீட்டுப் பூனையிடம் விடலாமா?

வேண்டாம். மூன்று காரணங்கள். முதலாவது, வீட்டுப் பூனைக்கு வரும் கொள்ளைநோய்கள் காட்டுப்பூனைக்கும் தொற்றும். குட்டிக்கு எதிர்ப்பு சக்தி குறைவு. இரண்டாவது, வீட்டில் வளர்ந்த காட்டுப்பூனை மனிதரையும் நாயையும் கண்டு பயப்படாது. காட்டில் பயமே பாதி உயிர். மூன்றாவது, காட்டுப்பூனை சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு. 1972ஆம் ஆண்டின் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

எல்லாவற்றுக்கும் மேலான காரணம் ஒன்று: அந்தக் குட்டிகளுக்கு வளர்ப்புத் தாயே தேவையில்லை. பத்துப் பேர் கத்தியோடு இறங்கி, டிராக்டர் ஓடும் தோட்டத்தில் எந்தத் தாய் நிற்கும்? பக்கத்து வாய்க்கால் புதரில் பதுங்கியிருக்கும். சத்தம் அடங்கி, இருட்டிய பிறகு வந்து ஒவ்வொன்றாகக் கழுத்துத் தோலைக் கவ்வி வேறிடம் கொண்டுபோகும். மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதியில் கரும்பு வெட்டும்போது சிறுத்தைக் குட்டிகளே அடிக்கடி கிடைக்கின்றன. வனத்துறையினரும் வனவிலங்கு மருத்துவர்களும் குட்டிகளைப் பரிசோதித்து, அன்றிரவே கண்டெடுத்த இடத்திலேயே ஒரு பெட்டியில் வைத்துவிட்டுத் தூரத்தில் காத்திருப்பார்கள். தாய் வந்து எடுத்துப்போவது கேமராவில் பலமுறை பதிவாகியிருக்கிறது. சிறுத்தைக்குச் சரிவரும் வழி காட்டுப்பூனைக்குச் சரிவராதா?

குட்டியைத் தொட்டால் மனித வாடைக்குப் பயந்து தாய் கைவிட்டுவிடும் என்ற நம்பிக்கையும் பலரிடம் உண்டு. ஜுன்னரில் பெட்டிக்கு வந்த தாய்கள் அதற்குப் பதில் சொல்லிவிட்டன. ஆனாலும் தேவையில்லாமல் கையில் எடுப்பது குட்டியை நடுங்க வைக்கும்.

பாலூட்டிப் பார்க்கவும் கூடாது. பூனைப்பாலில் இருக்கும் புரதம் பசும்பாலில் இருப்பதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பசும்பாலில் உள்ள சர்க்கரை குட்டியின் வயிற்றைக் கழியவைக்கும். உடல் குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிக்கவே செரிக்காது. சங்கில் ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். அந்த வயதில் குட்டிக்குத் தானாகச் சிறுநீர்கூடப் போகாது. தாய் நக்கிவிட்டால்தான் போகும். இத்தனை வேலையையும் தெரிந்த ஒருத்தி பக்கத்துப் புதரில் காத்திருக்கிறாள்.

ஆகவே கரும்பு வெட்டும் அண்ணன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். குட்டி கண்ணில் பட்டால் அந்த இடத்தைச் சுற்றி நாலு வரிசைக் கரும்பை அன்றைக்கு விட்டுவிடுங்கள். நாயைக் கட்டிப்போடுங்கள். செல்போனில் படமெடுக்கக் கூட்டம் கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காயம் இருந்தாலோ மறுநாள் காலையிலும் குட்டிகள் அங்கேயே கிடந்தாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டு ஆட்டுக்குட்டிக்குத் தாய் இல்லையென்றால் 1962க்குப் போன் செய்து கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். சோகைக்குள் கிடக்கும் காட்டுக்குட்டிக்கு ஓர் இரவு போதும். மிச்சத்தை அதன் அம்மா பார்த்துக்கொள்வாள்.