மலையேறிய சைவ மீன் குழம்பு

ஏற்காட்டில் தண்ணீர் தளதளவென்று கொதிப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் 95 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே அது கொதித்துவிடும். ஆவியின் சூடும் அவ்வளவுதான். சைவ மீன் குழம்பு வைப்பவர்களுக்கு இந்த 5 டிகிரி சின்ன விஷயமல்ல.

மீனுக்குப் பதிலாகத் தட்டைப்பயறை ஊறவைத்து, சோம்பு, மிளகாய், உப்பு சேர்த்துக் கெட்டியாக அரைத்து, வாழையிலையில் தட்டி ஆவியில் வேகவைப்பார்கள். ஆறியதும் துண்டு போட்டு, பொரித்து, குழம்பில் சேர்ப்பார்கள். வேகும்போது மாவுச்சத்து நீரைக் குடித்து உப்பிப் பசையாகிறது. பயறின் புரதம் சுருள் அவிழ்ந்து, ஒன்றோடொன்று பின்னி, அந்தப் பசையை இறுக்கிப் பிடிக்கிறது. மலையில் இதெல்லாம் மெதுவாகத்தான் நடக்கும். கீழே சேலத்துக் கணக்கில் இறக்கினால் நடுப்பகுதி வேகாமல் குழம்பில் கரைந்துவிடும். குக்கரில் வெயிட் போட்டுவிட்டால் சூடு 100 டிகிரியைத் தாண்டும், கவலையில்லை.

மீன் இதழ் இதழாகப் பிரிவதற்குக் காரணம், அதன் குட்டையான தசைகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய சவ்வு சூட்டில் உருகிவிடுவது. பயறில் சவ்வு ஏது? அது உதிரத்தான் செய்யும். இதழ்தான் வேண்டும் என்பவர்களுக்கு வாழைப்பூவின் வெளுத்த உள்மடல் இருக்கிறது. லண்டனில் அதை மாவில் தோய்த்துப் பொரித்து ‘மீன்’ என்றே விற்கிறார்கள்.

கடல்மீனின் வீச்சத்துக்குக் காரணம் டிரைமெத்திலமைன். புளியின் அமிலம் அதை உப்பாக்கி, ஆவியாகாமல் கட்டிப்போடுகிறது. சேலம் பக்கம் பேர்போன மேட்டூர் அணை மீன் போன்ற நன்னீர் மீன்களில் இது சொற்பம். அவற்றில் சிலசமயம் தட்டுப்படும் மண்வாடை ஜியோஸ்மினால் வருவது. அதுவும் அமிலத்தில் சிதைந்துவிடும். ஆக, நம் குழம்பே மீன் வாடையை அடக்கத்தான் இருக்கிறது. நாக்கில் தங்குவது புளியும் பூண்டும் வெந்தயமும் நல்லெண்ணெயும்தான். மீன் போன இடத்தில் பயறு தயங்காமல் உட்கார்ந்துகொள்வது அதனால்தான். கடற்பாசித் தூள் தூவிக் கடல் வாசனையை வரவழைப்பது, என்னைக் கேட்டால், இந்தக் குழம்புக்கு வேண்டாத வேலை.

சத்து வேறு கணக்கு. புரதத்துக்குப் பயறு போதும். வைட்டமின் பி12 அதில் கிடையாது, தயிர்தான் கொஞ்சம் கைகொடுக்கும். டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பும் பயறில் இல்லை. அதைக் கடலில் உண்டாக்குபவை நுண்பாசிகள். மீன்கள் உணவுச் சங்கிலி வழியாகவே பெரும்பகுதியைச் சேர்த்துக்கொள்கின்றன. அந்தப் பாசியிலிருந்தே எடுத்த எண்ணெய் மாத்திரையாக மருந்துக்கடைகளுக்கு வந்துவிட்டது.