விஷ சாஸ்திரமும் நமது கிராமத்து மாணவர்களும்

(சோழவந்தான் விவசாய டிமான்ஸ்டிரேட்டர் எழுதியது)

சோழவந்தான், தென்கரை, திருவேடகம் முதலிய ஊர்களில் நெல்லும் கொடிக்காலும் பயிரிடும் குடியானவர்கள் தங்கள் ஆண் மக்களையும் பெண் மக்களையும் கலாசாலைக்கு அனுப்பும் காலம் இது. பட்டம் பெற்றபின் பிள்ளை என்ன செய்வான் என்று வினவினால், உபாத்தியாயர் வேலை, போலீஸ் வேலை, பாங்கி வேலை என்னும் சில விடைகளே பெரும்பாலும் கிடைக்கின்றன. ரஸாயனமும் உயிர்நூலும் கற்ற மாணவனுக்கு விஷ சாஸ்திரம், அதாவது நச்சியல், என்னும் ஒரு துறை திறந்திருப்பதைப் பலர் அறியார். பூச்சி மருந்தை நாள்தோறும் கையாளும் குடும்பங்களுக்கே இத்துறை புலப்படாதிருப்பது வியப்பாம். ஆதலின் இதன் இயல்பையும், கற்கும் வழியையும், கற்றோர்க்குள்ள உத்தியோகங்களையும் இங்கு சுருக்கமாகக் கூறுவோம்.

விஷ சாஸ்திரம் என்பது யாது?

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம்மவர் பழமொழி. 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் வாழ்ந்த பாரசெல்ஸஸ் என்னும் வைத்தியரும் இக்கருத்தையே கூறினார். அவருடைய கூற்றே இன்றைய விஷ சாஸ்திரத்திற்கு அஸ்திவாரமாகக் கருதப்படுகிறது. ஒரு பொருள் விஷமா, அன்றா என்று மாத்திரம் இச்சாஸ்திரம் கேட்பதில்லை. எவ்வளவு உட்சென்றது, வாய் வழியா, மூச்சு வழியா, தோல் வழியா, ஒரு நாளா, பல ஆண்டுகளா, உட்கொண்டது குழந்தையா, கர்ப்பிணியா, திடகாத்திரமுள்ள ஆளா என்னும் கேள்விகளையெல்லாம் கேட்டு, ஒவ்வொன்றையும் அளந்து விடை காண்பதே இதன் வேலை.

ஓர் உதாரணம் கூறுவோம். வேலியோரத்தில் வளரும் ஊமத்தையின் விஷம் யாவரும் அறிந்ததே. அவ்விஷச் சத்துக்களுள் ஒன்று அட்ரோபின். பாஸ்பரஸ் சேர்ந்த சில பூச்சி மருந்துகள் உடலுட் சென்றால், நரம்பின் வேலையை ஒழுங்குபடுத்தும் ஒரு நொதியை முடக்கிவிடுகின்றன. அதனால் வியர்வையும் உமிழ்நீரும் பெருகி, கண்மணி சுருங்கி, மூச்சுத் திணறுகிறது. அந்நிலையில் ஆஸ்பத்திரியில் வைத்தியர் கொடுக்கும் முக்கிய மாற்று மருந்து அதே அட்ரோபின்தான். ஓரிடத்தில் கொல்லும் பொருள் மற்றோரிடத்தில் உயிர் காக்கின்றது. எந்த அளவில், எந்தச் சமயத்தில் என்பதை அறிந்தவர் கையில் மாத்திரமே அது மருந்தாகும். ஊமத்தையை வீட்டில் அரைத்துக் கொடுப்பது உயிருக்கே ஆபத்தாய் முடியும்.

டப்பாவின் மேலுள்ள முக்கோணம்

பூச்சி மருந்து டப்பாக்களில் வர்ண அடையாளம் ஒன்று அச்சிட்டிருப்பதைக் குடியானவர்கள் கண்டிருப்பார்கள். சிவப்பு மிகக் கொடிய விஷத்தையும், மஞ்சள் கடும் விஷத்தையும், நீலம் நடுத்தர விஷத்தையும், பச்சை சிறிதளவு விஷத்தையும் குறிக்கும். இவ்வர்ணங்கள் மனம்போனபடி இட்டவை அல்ல. சோதனைப் பிராணிகளுக்கு வாய் வழியாக மருந்தைக் கொடுத்து, அவற்றுள் பாதி இறப்பதற்குரிய அளவைக் கண்டறிகின்றனர். அவ்வளவு, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 50 மில்லிகிராம் வரையானால் சிவப்பு. 51 முதல் 500 வரை மஞ்சள். 501 முதல் 5,000 வரை நீலம். அதற்கு மேல் பச்சை. பச்சை என்பது தீங்கற்றது என்று பொருள்படாது. இவ்வளவைக் கண்டு சொல்பவரே விஷ சாஸ்திரி.

வெற்றிலையும் விஷ அளவும்

2023ஆம் ஆண்டில் சோழவந்தான் வெற்றிலை புவிசார் குறியீடு பெற்றது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் வெற்றிலை பிற பயிர்களைப் போன்றதன்று. நெல்லுக்கு உமியுண்டு, வாழைப்பழத்திற்குத் தோலுண்டு, கத்தரிக்காய் அடுப்பேறுகிறது. வெற்றிலையோ கிள்ளியபடியே, சில வேளை கழுவாமலும், வாய்க்குள் போகிறது. கொடிக்காலில் மருந்து தெளித்தபின் எத்தனை நாள் கழித்துக் கிள்ளலாம் என்னும் கேள்வி ஆதலால் மிக முக்கியமானது.

இதற்கு விடை காணும் முறையைக் கவனியுங்கள். முதலில், பிராணிகளுக்கு நெடுங்காலம் கொடுத்தும் எத்தீங்கும் தோன்றாத உச்ச அளவைக் காண்கின்றனர். பிராணிக்கும் மனிதனுக்குமுள்ள வித்தியாசத்திற்காக அதைப் பத்தால் வகுத்து, மனிதருக்குள் குழந்தை, முதியோர், கர்ப்பிணி என்னும் வித்தியாசத்திற்காக மீண்டும் பத்தால் வகுக்கின்றனர். ஆக நூற்றில் ஒரு பங்கே மனிதன் தினந்தோறும் உட்கொள்ளத்தக்க அளவாகும். உதாரணமாக, தீங்கு தோன்றாத அளவு கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், 50 கிலோ எடையுள்ள ஆளுக்கு நாளொன்றுக்கு அரை மில்லிகிராம் ஆகின்றது. அவன் உண்ணும் அரிசி, காய்கறி, பால், வெற்றிலை யாவற்றிலுமிருந்து சேரும் மொத்தம் இதற்குள் அடங்கவேண்டும்.

இங்குதான் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. கணக்குப் போடுகிறவருக்கு, ஓர் ஆள் நாளொன்றுக்கு எத்தனை வெற்றிலை போடுகிறான் என்று தெரிந்திருக்கவேண்டும். விருந்துக்குப்பின் இரண்டு வெற்றிலை போடுவோரும் உளர். விடிந்தது முதல் படுக்கும் வரை இருபது வெற்றிலை போடும் கிழவியும் நம் ஊரில் உண்டு. வெற்றிலை கிள்ளுகிறவர்களின் வெறுங்கையில் எவ்வளவு மருந்து படிகின்றது, சித்திரை வெயிலில் முகமூடியும் கையுறையும் அணிந்து அகத்தி நிழலில் எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்பனவும் கணக்கில் சேரவேண்டியவை. வெற்றிலையே போட்டறியாதவர் எவ்வளவு கற்றவராயினும் இக்கேள்விகள் அவருக்குத் தாமாகத் தோன்றுவது அரிது. கொடிக்காலில் வளர்ந்த பிள்ளைக்கோ இவை பிறந்தது முதல் தெரிந்தவை. அப்பிள்ளை அளக்கும் வித்தையையும் கற்றுக்கொண்டால் கணக்கு மெய்யான கணக்காகும்.

இச்சாஸ்திரம் உதவிய சந்தர்ப்பங்கள்

இது நம் மாகாணத்திற்குப் புதியதன்று. விஷமிட்டுக் கொன்ற வழக்குகளில் நியாயஸ்தலங்களுக்குச் சாட்சி கூறும் பொருட்டு, 1849ஆம் ஆண்டிலேயே சென்னையில் ரஸாயனப் பரிசோதகர் ஆய்வுக்கூடம் ஏற்பட்டது. இந்தியாவில் அவ்வகையில் அதுவே முதலாவது.

1958ஆம் ஆண்டில் கேரளத்தில் பாரதியான் என்னும் பூச்சி மருந்து கலந்துவிட்ட கோதுமை மாவை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். உணவுப் பண்டமும் விஷமும் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டமையே காரணம். அதன்பின் நடந்த விசாரணைகளின் பயனாக 1968ஆம் ஆண்டில் பூச்சிமருந்துச் சட்டம் பிறந்தது. இன்று எம்மருந்தும் விஷப் பரிசோதனை விவரங்களைக் காட்டிப் பதிவு பெறாமல் விற்பனைக்கு வரக்கூடாது.

1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் திடீரென மடிந்தன. தீவனத்தில் சேர்ந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூசணம் பிடித்து, அதனின்றும் அப்ளடாக்ஸின் என்னும் விஷம் உண்டாயிருந்ததாக ஆராய்ந்து கண்டனர். கடலையை நன்கு உலர்த்தி மூட்டை கட்டவேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இக்காரணம் பற்றியே.

1984ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் போபால் நகரின் பூச்சிமருந்துத் தொழிற்சாலையினின்றும் விஷவாயு வெளிப்பட்டு ஆயிரக்கணக்கானோர் இறந்த காலத்து, அவ்வாயுவின் குணத்தையும் அதற்குரிய சிகிச்சையையும் தெளிவாக அறியாமல் வைத்தியர்கள் திகைத்தனர். முன்கூட்டி அறிந்திராத விஷம் எத்தகைய கேடு செய்யும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

பிணந்தின்னிக் கழுகுகள் நம் தேசத்தில் அற்றுப்போகும் நிலைக்கு வந்ததற்கு, மாடுகளுக்கு வலி தீரப் போடும் டைக்ளோபினாக் என்னும் ஊசி மருந்து காரணமென்று 2004ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி காட்டியது. அம்மருந்து பெற்ற மாட்டின் பிணத்தைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மாண்டன. 2006ஆம் ஆண்டில் கால்நடைகளுக்கு அம்மருந்தைக் கொடுப்பது இந்தியாவில் தடுக்கப்பட்டு, கழுகுக்குத் தீங்கு செய்யாத மெலாக்ஸிகாம் சிபாரிசு செய்யப்பட்டது.

கற்கும் மார்க்கம்

ரஸாயனம், உயிர் ரஸாயனம், விலங்கியல், தாவரவியல், விவசாயம், கால்நடை வைத்தியம், மருந்தாக்கம் ஆகிய எதில் இளநிலைப் பட்டம் பெற்றாலும் இத்துறைக்குள் புகலாம். நமது பக்கத்தில் திருவேடகம் மேற்கிலுள்ள விவேகானந்த கல்லூரி, மதுரையில் அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக் கல்லூரி, தியாகராசர் கல்லூரி முதலியன பட்டப்படிப்புக்கு உள்ளன.

மேற்படிப்புக்கு வழிகள் பல:

1. 1965ஆம் ஆண்டில் தொடங்கிய மதுரை விவசாயக் கல்லூரியிலும், கோயமுத்தூரிலும், பூச்சியியலில் முதுநிலை கற்போர் பூச்சி மருந்துகளின் விஷத்தன்மையையும் ஒரு பகுதியாகக் கற்கின்றனர். கோயமுத்தூரில் பூச்சிமருந்து விஷ ஆய்வுக்கூடமும் உண்டு.

2. கால்நடை வைத்தியப் பட்டம் பெற்றோர், 1903ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் மருந்தியலும் நச்சியலும் சேர்ந்த முதுநிலையைக் கற்கலாம். இளஞ்சோளப் பயிரைத் தின்ற மாடு ஏன் விழுகின்றது, பூத்தபின் தின்றால் ஏன் பெரும்பாலும் விழுவதில்லை என்பன போன்றவற்றை ஆராய்வது இவர்கள் துறை.

3. மருந்தாக்கம் கற்றோர்க்குப் பஞ்சாபிலுள்ள மொஹாலி முதலிய இடங்களில் தேசிய மருந்தாக்கக் கல்வி நிலையங்கள் உள்ளன.

4. டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கு, 1965ஆம் ஆண்டில் தொடங்கிய லக்னோ நச்சியல் ஆராய்ச்சி நிலையம் சிறந்தது. சென்னையை அடுத்த படப்பையிலும் இத்துறைக்கென ஒரு நிலையம் உண்டு.

பட்டப்படிப்பின்போதே கோடை விடுமுறையில் ஆராய்ச்சிசாலையில் பழக விரும்பும் மாணவர்கள், பெங்களூர் இந்திய அறிவியல் அகாடமியும் பிற இரு அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆராய்ச்சித் திட்டத்திற்கு விண்ணப்பிக்கலாம். தேர்ந்தெடுக்கப்படுவோர்க்கு உதவித்தொகையும் உண்டு. இரண்டு மாதம் ஆய்வுக்கூடத்தில் நின்று பார்த்தால், இவ்வேலை தனக்கு ஏற்றதா என்பது மாணவனுக்கே விளங்கிவிடும்.

கிடைக்கும் உத்தியோகங்கள்

பூச்சி மருந்தின் தரத்தைச் சோதிக்கும் சர்க்கார் ஆய்வுக்கூடங்கள், உணவுப் பரிசோதனைக் கூடங்கள், மருந்துக் கம்பெனிகள், பதிவுக்காக விஷப் பரிசோதனை செய்து தரும் தனியார் ஆய்வுக்கூடங்கள், கலாசாலை ஆசிரியர் பதவிகள் ஆகியவை உள்ளன. மதுரையிலேயே தடய அறிவியல் இலாகாவின் வட்டார ஆய்வுக்கூடம் இருக்கின்றது. இந்தியாவில் விதிப்படி செய்த பரிசோதனைகளை ஐரோப்பா, அமெரிக்கா முதலிய தேசங்கள் 2011ஆம் ஆண்டு முதல் ஏற்றுக்கொள்வதால், தனியார் ஆய்வுக்கூடங்களில் பயிற்சி பெற்றவர்களுக்குத் தேவை இருக்கின்றது.

பொருளுதவி

செலவை எண்ணிப் பின்வாங்கும் பெற்றோர் கவனிக்க. சர்க்கார் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு விவசாயம், கால்நடை வைத்தியம் முதலிய தொழிற்கல்விகளில் நூற்றுக்கு ஏழரை இடங்கள் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒதுக்கப்பட்டுள்ளன. சர்க்கார் பள்ளியில் படித்துக் கலாசாலை சேரும் பெண்களுக்கு 2022ஆம் ஆண்டு முதல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ரூ. 1,000 கிடைக்கின்றது. முதுநிலைக்குப்பின் தேசிய தகுதிப் பரீட்சையில் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேர்ந்தோர்க்கு 2023ஆம் ஆண்டில் மாதம் ரூ. 37,000 என்று நிர்ணயிக்கப்பட்டது. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்பட்ட வகுப்பினர் ஆகியோர்க்குத் தனித்தனித் தேசிய உதவித்தொகைகளும் உள்ளன. ஆகவே டாக்டர் பட்டம் படிக்கும் காலத்தில் பிள்ளை வீட்டுப் பணத்தை எதிர்பார்க்கவேண்டியதில்லை. சிக்கனமாயிருந்தால் வீட்டுக்கே சிறிது அனுப்பலாம்.

சில ஆட்சேபங்கள்

தமிழில் படித்த பிள்ளைக்கு இது எட்டாது என்பர் சிலர். ஆய்வுக்கூடத்துக்கு வேண்டிய ஆங்கிலம் ஓரிரண்டு ஆண்டுப் பழக்கத்தில் வந்துவிடும். கூர்ந்து பார்த்து உள்ளபடி எழுதிவைக்கும் குணமே முக்கியம். பெண்களை விஷத்தோடு பழகவிடலாமா என்பர் வேறு சிலர். கொடிக்காலில் மருந்து காயுமுன் வெறுங்கையால் இலை கிள்ளும் பெண், கையுறையும் காற்றுப்போக்கியும் உள்ள ஆய்வுக்கூடத்துப் பெண்ணைவிட அதிக விஷத்தோடு பழகுகின்றாள் என்பதே நமது விடை.

அமெரிக்க தேசத்தில் 1961ஆம் ஆண்டில் தோன்றிய நச்சியல் சங்கம், இத்துறைக்குள் வராதிருந்த வகுப்புகளைச் சேர்ந்த பட்டப்படிப்பு மாணவர்களைத் தன் வருஷாந்தர மகாநாட்டிற்கு வரவழைத்து, விஞ்ஞானிகளோடு அமரச்செய்து, மேற்படிப்பின் வழிகளை விளக்கும் வேலையைப் பல்லாண்டுகள் செய்து வந்துள்ளது. விஷத்தால் அதிகம் தாக்கப்படுவோர் ஒரு பக்கமும், அதனை அளப்போர் மற்றொரு பக்கமுமாக இருப்பது சாஸ்திரத்திற்கும் நலமன்று என்பதை அங்கும் உணர்ந்தனர் போலும்.

நமது பக்கத்தில் மருந்துத் தெளிப்பானைத் தோளில் சுமப்பவர் யார் என்பதை நாம் அறிவோம். நிலமில்லாத கூலியாளும், குத்தகைக்காரரும், சிறு குடியானவருமே சுமக்கின்றனர். அம்மருந்தின் அளவையும், தெளித்தபின் காத்திருக்கும் நாளையும், எது விற்கலாம் எது விற்கலாகாது என்பதையும் தீர்மானிக்கும் மேஜையைச் சுற்றி அவர்கள் பிள்ளைகளும் அமரவேண்டும். பிளஸ் டூவில் உயிர்நூலும் ரஸாயனமும் எடுத்துள்ள பிள்ளை உங்கள் வீட்டிலோ, உங்கள் நிலத்தில் வேலை செய்வோர் வீட்டிலோ இருப்பின், இக்கட்டுரையை அப்பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். விண்ணப்பம் முதலிய விவரங்களை அந்தந்தக் கல்லூரி ஆசிரியர்களிடம் கேட்டறியலாம். விவசாயக் கல்வி பற்றிய விவரங்களை அருகிலுள்ள விவசாய இலாகா ஆபீசிலும் விசாரிக்கலாம்.