பேர் வைத்த கோழிக்கு யாரும் குழம்பு வைப்பதில்லை!

காலையில் கூட்டைத் திறந்ததும் முதல் ஆளாக வெளியே ஓடிவரும் கோழி, அன்றைக்கு மட்டும் வரவில்லை. எட்டிப் பார்த்தால் விறைத்துக் கிடக்கிறது. நேற்று சாயங்காலம்கூட காலைச் சுற்றிச் சுற்றி வந்து கம்பு கேட்ட கோழி அது. வீட்டில் பிள்ளை அழுகிறது, அம்மாவுக்கும் கண் கலங்குகிறது. அதற்குள் வாசலில் ஒரு குரல்: “ஒரு கோழிக்குப் போயா இந்த அழுகை?”

தென்காசி, மேலகரம், இலஞ்சி, வல்லம் பக்கம் புறக்கடையில் கோழி வளர்க்கும் பல வீடுகளுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. கோழி இங்கே பல வேடம் போடும். சுடலைமாடனுக்கு நேர்ந்துவிட்டதும் கோழிதான், குற்றாலத்தில் குளித்துவிட்டு பிரானூர் பார்டரில் பரோட்டாவுக்குத் தொட்டுக்கொள்வதும் கோழிதான். இப்படிப்பட்ட ஊரில் கோழிக்காக அழுதால் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால், ஒரு கோழிக்குப் பேர் வைத்த நாளிலிருந்து கணக்கே மாறிவிடுகிறது. பேர் வைத்துக் கூப்பிட்ட கோழியைக் குழம்பு வைக்க யாருக்கும் மனசு வராது. தட்டில் இருப்பது கறி. மடியில் ஏறி உட்கார்ந்தது வீட்டு ஆள்.

யானைக்கு அழலாம், கோழிக்குக் கூடாதா?

2022 நவம்பர் 30 அன்று புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி, காலை நடைப்பயிற்சியின்போது திடீரென்று சரிந்து விழுந்து இறந்தது. ஊரே திரண்டு வந்து அழுதது. 2025 ஜனவரியில் நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதி இறந்தபோதும் அப்படித்தான். அந்தக் கண்ணீரை யாரும் கேலி செய்யவில்லை. கோழிக்காக அழுகிறவர் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு அழ வேண்டியிருக்கிறது.

ஊர் ஒப்புக்கொள்ளாத இந்த வகைத் துக்கத்தைப் பற்றி அமெரிக்க அறிஞர் கென்னத் டோகா 1989-லேயே விரிவாக எழுதினார். துக்கம் கேட்க ஆள் வராது, லீவு கிடைக்காது, சடங்கும் கிடையாது. அதனாலேயே அந்த வலி ஆற நாளாகும் என்பது அவர் சொன்னதன் சாரம்.

நம் முன்னோர் இந்த விஷயத்தில் நம்மைவிடப் பரந்த மனசுக்காரர்கள். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில், சண்டையில் உயிர்விட்ட ஒரு சேவலுக்கு நடுகல் இருக்கிறது. சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் சேவலின் உருவத்தைச் செதுக்கி, எழுத்தும் வெட்டி நட்டிருக்கிறார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள 7-ம் நூற்றாண்டு நடுகல்லில், கள்வரோடு போராடிய வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதுகூட கல்லில் இருக்கிறது. வளர்த்த உயிருக்கு மரியாதை செய்வது நமக்குப் புதிய பழக்கம் இல்லை.

‘நேற்றே கவனித்திருக்கலாமே...’

திடீர்ச் சாவில் அழுகையைவிட அதிகம் வாட்டுவது இந்த எண்ணம்தான். ஆனால், கோழி தன் நோயை மறைக்கும் பறவை. சோர்ந்து தெரிந்தால் எதிரி தூக்கிவிடுவான் என்பது அதன் ரத்தத்தில் ஊறிய பயம். நம் கண்ணுக்குச் சோர்வு தெரியும்போது பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும்.

நாட்டுக்கோழிகளைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோவது வெள்ளைக்கழிச்சல் எனும் ராணிக்கெட் நோய். வைரஸால் வருவது, வந்தபின் குணப்படுத்த மருந்து இல்லை. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், மூச்சுத்திணறல், கழுத்து திருகிக்கொள்வது இதன் அடையாளங்கள். சில சமயம் எந்த அடையாளமும் காட்டாமலே கோழி விழுந்துவிடும். சாரல் காலத்தில் கூட்டின் தரை ஈரமாகவே கிடந்தால் குஞ்சுகளுக்கு ரத்தக்கழிச்சல் வரலாம். முட்டை உள்ளேயே அடைத்துக்கொள்வது, பாம்புக்கடி, கடும் வெயில் என்று வேறு காரணங்களும் உண்டு. இவற்றில் பலவும் நம் கைக்கு மீறியவை.

பிள்ளையிடம் என்ன சொல்வது?

“தூங்குது”, “பாட்டி வீட்டுக்குப் போயிருச்சு” என்று சொல்லாதீர்கள். பிள்ளை காத்திருக்கும். பிறகு உண்மை தெரிந்தால் நம் பேச்சையே நம்பாது. “செத்துப்போச்சு, இனி வராது, நம்ம யார் மேலயும் தப்பில்ல” என்று நேராகச் சொல்லுங்கள். அழுதால் அழட்டும். படம் வரையட்டும், புதைத்த இடத்தில் ஒரு செடி நடட்டும். “நாளைக்கே வேற கோழி வாங்கித் தர்றேன்” என்ற சமாதானம் மட்டும் வேண்டாம். போன கோழிக்கு ஈடாக இன்னொன்றைக் கடையில் வாங்கிவிடலாம் என்றுதான் பிள்ளைக்கு அது கேட்கும்.

செய்ய வேண்டியவை

தானாகச் செத்த கோழியைச் சமைக்கக் கூடாது, பிறருக்குக் கொடுக்கவும் கூடாது. கையுறை போட்டு எடுத்து, கிணறு, வாய்க்காலை விட்டுத் தள்ளி ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். ஆற்றிலோ குப்பையிலோ போட்டால் நோய் அடுத்த தெருவுக்கும் போகும். ஒரே நேரத்தில் பல கோழிகள் செத்தால் உடனே அரசு கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். என்ன நோய் என்று தெரிந்தால்தான் மிச்சமுள்ளவற்றைக் காப்பாற்ற முடியும்.

கூட்டைக் காயவைத்து, கழுவி, சுண்ணாம்பு அடியுங்கள். குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் சொட்டு மருந்தும், எட்டு வாரத்தில் இறக்கைக்கடியில் ஊசியும் போட்டால் வெள்ளைக்கழிச்சலைத் தடுக்கலாம். ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை இதற்கென்றே இலவச முகாம் நடத்துகிறது. தேதியை உங்கள் ஊர் மருந்தகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

துக்கத்துக்குக் கெடு கிடையாது. இரண்டு நாளில் ஆறினாலும் சரி, இரண்டு மாதம் ஆனாலும் சரி. சாப்பாடு, தூக்கம், வேலை எல்லாம் வாரக்கணக்கில் கெட்டுப்போனால் மட்டும் ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். அதுவரை, உங்கள் கோழியைப் பற்றிச் சிரிக்காமல் கேட்கும் ஒரே ஒரு ஆளிடம் பேசுங்கள். பக்கத்து வீட்டில் யாராவது அப்படி அழுதால், அந்த ஒரு ஆளாக நீங்கள் இருங்கள்.