'புரிஞ்சுதா?'ன்னு கேட்காதீங்க!

"டாக்டர் ஒரு ஸ்பூன் குடுக்கச் சொன்னார். நானும் ஒரு ஸ்பூன்தானே குடுத்தேன்!"

பேரனுக்குக் காய்ச்சல் மருந்து கொடுத்த பாட்டி இப்படிச் சொன்னால், அவர் மேல் தப்பே சொல்ல முடியாது. டாக்டர் மனதில் இருந்தது 5 மில்லி டீஸ்பூன். பாட்டி கைக்குக் கிடைத்தது 15 மில்லி பிடிக்கிற டேபிள் ஸ்பூன். அவர் சொன்னதும் சரி, இவர் கேட்டதும் சரி. குழந்தையின் வயிற்றுக்குள் போனது மட்டும் மூன்று மடங்கு! பாராசிட்டமாலை இப்படி அளவு மீறித் தொடர்ந்து கொடுத்தால் கல்லீரலே கெட்டுப்போகலாம். (பாட்டிலோடு வரும் கோடு போட்ட மூடியைத் தூக்கிப் போடாதீர்கள். அது அதற்குத்தான்.)

பேச்சு என்பது தபால் மாதிரி, பெட்டியில் போட்டால் அப்படியே போய்ச் சேர்ந்துவிடும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எதிராளியின் காதுக்குப் போவது சத்தம்தான். அதற்கு அர்த்தம் கொடுப்பது அவர் மனசு. அவருக்குத் தெரிந்ததை, அவர் வீட்டில் இருப்பதை வைத்துத்தான் அவரால் அர்த்தம் பண்ணிக்கொள்ள முடியும்.

1990-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆராய்ச்சி மாணவி ஒரு சோதனை செய்தார். ஒருவர், எல்லோருக்கும் தெரிந்த பாட்டு ஒன்றை நினைத்துக்கொண்டு அதன் தாளத்தை மட்டும் மேஜையில் விரலால் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். 'பாதியாவது கண்டுபிடித்துவிடுவார்கள்' என்று தட்டியவர்கள் அடித்துச் சொன்னார்கள். மொத்தம் தட்டியது 120 பாட்டு. கண்டுபிடித்தது எத்தனை தெரியுமா? மூன்றே மூன்று!

காரணம் ரொம்ப எளிது. தட்டுகிறவர் மனசுக்குள் பாட்டு முழு வாத்தியக் கோஷ்டியோடு ஓடிக்கொண்டிருக்கிறது. எதிரில் இருப்பவருக்கு 'டொக்... டொக் டொக்' மட்டும்தான்! இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் செய்து பாருங்கள். தட்டுகிறவருக்கு, "இதுகூடவா தெரியலை?" என்று கோபமே வரும். கணவன் மனைவி சண்டையில் பாதி இந்த ரகம்தான் என்பது என் அபிப்பிராயம்.

டாக்டரிடம் போகும்போது தட்டுகிறவர் நாம்தான். "மயக்கமா வருது டாக்டர்" என்கிறோம். அறையே சுற்றுகிற மாதிரி இருந்தாலும் மயக்கம். எழுந்து நின்றதும் கண் இருட்டினாலும் மயக்கம். சோர்ந்து படுக்கத் தோன்றினாலும் மயக்கம். முதலாவது காதுக்குள் இருக்கும் கோளாறாக இருக்கலாம், இரண்டாவது ரத்த அழுத்தம் இறங்கியதாக இருக்கலாம், மூன்றாவது ரத்தசோகையாக இருக்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

இதைவிட ஆபத்தானது "கேஸ் பிடிச்சிருக்கு" என்பது. நெஞ்சில் பாரம் வைத்த மாதிரி அழுத்துகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, கையிலும் தாடையிலும் வலி பரவுகிறது... இதையெல்லாம் 'கேஸ்' என்ற ஒரே வார்த்தையில் மூடிவிட்டு, சோடா குடித்துவிட்டுப் படுக்கிறார்கள். அது மாரடைப்பாக இருந்தால்? 'கேஸ்' என்பது நீங்கள் எழுதிய தீர்ப்பு. டாக்டருக்கு வேண்டியது உடம்பு சொன்ன சாட்சி. எங்கே, எப்போதிலிருந்து, எப்படி இருக்கிறது என்பதை மட்டும் சொல்லுங்கள்.

டாக்டர்கள் பக்கமும் குறை உண்டு. 1984-ல் அமெரிக்காவில் 74 நோயாளிகளின் சந்திப்புகளைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். நோயாளி பேச ஆரம்பித்து, சராசரியாக 18 விநாடியிலேயே டாக்டர் குறுக்கிட்டுவிட்டாராம். நம்ம ஊர் கூட்டத்துக்கு அந்த 18 விநாடியே தாராளம்! அதனால் முக்கியமான தொந்தரவை முதலில் சொல்லிவிடுங்கள். கதவைத் திறக்கும்போது திரும்பி, "அப்புறம் டாக்டர், ஒரு வாரமா நெஞ்சு கூட..." என்று இழுக்கிறவர்கள்தான் அதிகம்.

இப்போது மருந்துச் சீட்டு. முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் என்று ஒரு மருந்து. வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினம் சாப்பிடும் மாத்திரை என்று நினைத்து விழுங்கி உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமும் "புரிஞ்சுதா?" என்று யாராவது கேட்டிருக்கலாம். அவர்களும் தலையாட்டியிருக்கலாம். மரியாதைக்காக, வெளியே கூட்டம் நிற்கிறதே என்பதற்காக, தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு... நாம் எல்லோருமே தலையாட்டுகிறவர்கள்தான்.

கேட்டதைத் திருப்பிச் சொல்வது ஒன்றே இதற்கு வழி. விமானிக்குக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து முக்கியமான உத்தரவு வந்தால், அவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிப் பாருங்கள்: "ஞாயித்துக்கிழமை மட்டும் ஒரு வேளை. மத்த நாள் இது கிடையாது. சரிதானே டாக்டர்?" ஐந்து விநாடி ஆகுமா?

வீட்டிலும் இதே கதைதான். மிக்ஸி ஓடும்போது, டி.வி. அலறும்போது மாத்திரை விஷயம் பேசவே பேசாதீர்கள். மாமனாரிடம் போய், "எங்கே, திருப்பிச் சொல்லுங்க" என்றால் வாத்தியார் கேட்கிற மாதிரி இருக்கும், மனுஷர் கோபித்துக்கொள்வார். பழியை உங்கள் மேல் போட்டுக்கொள்ளுங்கள்: "மாமா, நான் சரியாச் சொன்னேனான்னு சந்தேகமா இருக்கு. இந்த மாத்திரையை எப்போ போட்டுக்கப் போறீங்க?"

அவர் சொல்கிறவரை அடுக்களைக்குத் திரும்பாதீர்கள்.