விழுப்புரம் டு திண்டிவனம் தூரத்தை 1905-லேயே பறந்த ரைட் விமானம்... 1910-ல் பல்லாவரத்தில் பறந்தது யார்?

விழுப்புரத்தில் ரயில் ஏறினால் திண்டிவனம் சுமார் 37 கி.மீ. பாசஞ்சர் ரயிலில் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். கிட்டத்தட்ட இதே தூரத்தை, அதாவது 39 கி.மீ.யை, 1905 அக்டோபர் 5 அன்று 39 நிமிடங்களில் பறந்தார் வில்பர் ரைட். அதுவும் நேராகப் போகவில்லை. அமெரிக்காவின் டேட்டன் நகருக்குப் பக்கத்தில், மாடு மேயும் நிலத்தையே சுத்திச் சுத்தி வந்தார். பெட்ரோல் தீர்ந்த பிறகுதான் கீழே இறங்கினார்.

இரண்டே வருஷத்துக்கு முன்பு, 1903 டிசம்பரில், இதே ரைட் சகோதரர்களின் முதல் விமானம் முதல் முறை பறந்தபோது காற்றில் நின்றது வெறும் 12 விநாடிகள்!

ஏன் ரெண்டு இறக்கை?

அன்றைய என்ஜின்களுக்கு சக்தி குறைவு. முதல் ரைட் விமானத்தில் இருந்தது 12 குதிரைத்திறன்தான். இன்றைய சாதாரண பைக் என்ஜின் அளவு. அதை வைத்து ஆளைத் தூக்க இறக்கையின் பரப்பு நிறைய வேண்டும். ஒரே இறக்கையை ரொம்ப நீளமாக்கினால் முறிந்துவிடும். அதனால் மேலே ஒன்று, கீழே ஒன்று வைத்து, நடுவில் மரக்கம்பும் கம்பியும் கொடுத்து இழுத்துக் கட்டினார்கள்.

1908-ல் வந்த 'மாடல் ஏ'-வில் ரெண்டு பேர் உட்காரலாம். 1910-ல் வந்த 'மாடல் பி'-தான் நிஜமாகவே வேலைக்கு உதவிய விமானம். சறுக்குக் கட்டைகளோடு சக்கரமும் வந்தது, முன்னால் இருந்த ஏற்ற இறக்கச் சுக்கான் வாலுக்குப் போனது. அந்த நவம்பரிலேயே டேட்டனில் இருந்து கொலம்பஸ் நகரக் கடை ஒன்றுக்குப் பட்டுத் துணி ஏற்றிப் போனது. உலகின் முதல் விமானச் சரக்கு என்று சொல்லப்படுவது இதுதான். நம்ம ஊர் பார்சல் சர்வீஸுக்கெல்லாம் இதுதான் முப்பாட்டன்.

அடுத்து வந்த 'மாடல் சி'-யில்தான் வினை. என்ஜின் பைலட்டுக்கு முன்னால் இல்லாத அமைப்பு இது. மூக்கு குத்தி விழுந்தால் அவ்வளவு எடையும் அவர் மேலேயே வந்து விழும். அமெரிக்க ராணுவ பைலட்டுகள் அடுத்தடுத்து இறந்தார்கள். 1914-ல் உந்துவிசிறி பின்னால் இருக்கும் விமானங்களையே ராணுவம் ஓரங்கட்டியது.

சென்னையில் என்ன நடந்தது?

'மாடல் பி' சரக்கு ஏற்றியதற்கு எட்டு மாதம் முன்பு, 1910 மார்ச்சில், சென்னையிலும் ஒரு இரட்டை இறக்கை விமானம் பறந்திருக்கிறது. ஓட்டியவர் பைலட் இல்லை, ஹோட்டல் முதலாளி! கோர்சிகா தீவில் இருந்து வந்து மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ். வடிவமைப்பு அவருடையது. கட்டிக் கொடுத்தது சிம்ப்சன் கம்பெனி. குதிரை வண்டிகளுக்குக் கூடு கட்டிய அதே சிம்ப்சன்தான். சோதனை ஓட்டம் நடந்த இடம் பல்லாவரம், இன்றைய மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில். பிறகு தீவுத்திடலில் மக்கள் முன்னிலையிலும் பறந்து காட்டினார்.

ஆனாலும் இந்தியாவின் முதல் விமானம் எது என்று தேடினால், பல இடங்களில் 1910 டிசம்பர், அலகாபாத் என்றுதான் வரும். மாதக் கணக்குப் பார்த்தால் சென்னைதான் முந்தி.

அலகாபாத்துக்குக் கைகொடுத்தது தபால். 1911 பிப்ரவரி 18 அன்று ஆன்ரி பெக்கே என்ற பிரெஞ்சுக்காரர் அங்கிருந்து யமுனையைத் தாண்டி நைனிக்கு சுமார் 6,500 கடிதங்களைக் கொண்டு போனார். ஒவ்வொரு கடிதத்திலும் அதற்கென்றே செய்த முத்திரை. தபால்தலை சேகரிப்பவர்கள் அந்த உறைகளை இன்றும் தேடி வாங்குகிறார்கள். டி ஏஞ்சலிஸ் விமானத்தில் ஒரு கடிதம்கூட ஏறவில்லை. ரைட் விமானத்துக்குக் கிடைத்த மாதிரி ராணுவ ஆர்டரோ, அடுத்தடுத்த மாடல்களோ அதற்குக் கிடைக்கவும் இல்லை.